பிரசவ வலியில் அக்குபிரஷர்: உடனிருக்கும் கைகள் அறிய வேண்டியவை



பிரசவச் செலவுக்கு உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் சகோதரிகள், விண்ணப்பத்தை நிரப்பி முடித்தபின் தயங்கித் தயங்கிச் சில கேள்விகள் கேட்பதுண்டு. "அக்குபிரஷர் செய்தால் வலி குறையுமாமே, உண்மையா?" என்பார் ஒருவர். "ஊசி மருந்து இல்லாமல் சுகப்பிரசவம் ஆக அது உதவுமா?" என்பார் இன்னொருவர். எப்போதாவது ஒருவர், "அது தெரிந்தவர் வீட்டுக்கே வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லையாமே?" என்றும் கேட்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில்: ஓரளவு குறையும். இரண்டாவதற்கு: சிலருக்கு மருந்தின் தேவை குறையலாம், எல்லோருக்கும் அல்ல. மூன்றாவதற்கு: கூடாது, கூடவே கூடாது. இந்த மூன்று பதில்களையும் விளக்கமாகச் சொல்லவே இக்கட்டுரை. கர்ப்பிணிப் பெண்கள் மட்டுமல்ல, பிரசவத்தின்போது உடன் இருக்கப்போகும் உம்மா, மாமி, ராத்தா ஆகியோரும், கணவர்மார்களும் இதைப் படிக்க வேண்டுகிறோம். ஏனெனில் அக்குபிரஷர் என்பது வலிப்பவர் தனக்குத் தானே செய்துகொள்வதைவிட, பக்கத்தில் இருப்பவரின் கை செய்யும் வேலை.

வலி எங்கிருந்து வருகிறது?

கருப்பை ஒரு வலிமையான தசைப்பை. பிரசவம் தொடங்கியதும் அது விட்டு விட்டுச் சுருங்குகிறது. ஒவ்வொரு சுருக்கமும் கருப்பை வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. வாய் முழுதாகத் திறக்க 10 சென்டிமீட்டர் ஆக வேண்டும். இந்த முதல் கட்டத்தில் வலி அடிவயிற்றிலும் இடுப்பிலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் பரவும். குழந்தையின் தலை கீழே இறங்கியபின், பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள பகுதி விரிவதால் வலியின் இடமும் தன்மையும் மாறும்.

5 சென்டிமீட்டர் திறந்தபின் வரும் வேகமான கட்டம், தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள்ளும், அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்துக்குள்ளும் முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு முந்தைய மெதுவான கட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அந்த நீண்ட நேரத்தில் பயமும் தனிமையும் சேர்ந்தால் உடல் இறுகும். உடல் இறுகினால் வலி கூடும். வலி கூடினால் பயம் இன்னும் பெருகும். இந்தச் சுழலை உடைப்பதுதான் உடன் இருப்பவரின் முதல் வேலை.

வலியில் கத்துவதும் அழுவதும் ஈமானின் குறைவு அல்ல. மர்யம் (அலை) அவர்களையே பிரசவ வேதனை ஒரு பேரீச்சை மரத்தடிக்குக் கொண்டு சேர்த்ததைக் குர்ஆன் சொல்கிறது. தாங்க முடியாமல் அவர் வாய்விட்டுப் புலம்பியபோது கிடைத்தது கண்டிப்பு அல்ல, ஆறுதல். கவலைப்படாதே என்ற சொல்லும், காலடியில் நீரோடையும், கைக்கெட்டும் பழுத்த பேரீச்சம்பழமும் கிடைத்தன. வலிக்கும் பெண்ணுக்குச் சாய்ந்துகொள்ள ஓர் இடம், குடிக்க நீர், தெம்புக்கு உணவு, ஆறுதலான ஒரு சொல் தேவை என்பதற்கு இதைவிட நமக்கு வேறு பாடம் வேண்டுமா? எனவே "நாங்களெல்லாம் இப்படியா கத்தினோம்?" என்று கேட்கும் பழக்கத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் விட்டுவிட வேண்டும்.

அழுத்தினால் வலி ஏன் குறைகிறது?

அக்குபிரஷர் சீன மருத்துவத்திலிருந்து வந்தது. உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் ஊசி குத்தினால் அது அக்குபங்சர். அதே புள்ளிகளை விரலால் அழுத்தினால் அக்குபிரஷர். இப்புள்ளிகளின் வழியே உயிர்ச்சக்தி ஓடுகிறது என்பது சீன மரபின் விளக்கம்.

நவீன மருத்துவம் வேறு விதமாக விளக்கம் தேடுகிறது. கதவு இடுக்கில் விரல் நசுங்கினால் உடனே மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறோம் அல்லவா? அழுத்தத்தையும் தொடுதலையும் எடுத்துச் செல்லும் நரம்புச் செய்திகள், வலிச் செய்தி தண்டுவடத்தைக் கடந்து மூளைக்குப் போவதை ஓரளவு தடுக்கின்றன. மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965-இல் இதை ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசல் இருப்பதாகவும், அழுத்த உணர்வு முந்திக்கொண்டால் வலிக்கு அந்த வாசல் சற்றே மூடுவதாகவும் அதை எளிமையாகப் புரிந்துகொள்ளலாம். அதோடு, உடல் தானே சுரக்கும் எண்டார்பின் என்ற வலி தணிப்பிக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2004-இல் வெளிவந்த ஒரு தென்கொரிய ஆய்வில் 75 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்குக் கணுக்காலுக்கு மேலுள்ள புள்ளியை 30 நிமிடம் அழுத்தினார்கள். மற்றப் பிரிவினருக்கு அதே இடத்தில் அழுத்தாமல் வெறுமனே தொட்டார்கள். அழுத்தப்பட்டவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. பிரசவ நேரமும் குறைந்தது.

2020-இல் காக்ரேன் அமைப்பு, பிரசவ வலிக்கான அக்குபங்சர், அக்குபிரஷர் பற்றிய 28 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பரிசீலித்தது. அவற்றில் மொத்தம் 3,960 பெண்கள் இருந்தார்கள். அக்குபிரஷர் வலியின் கடுமையைக் குறைக்கக்கூடும் என்பது அதன் முடிவு. ஆனால் சான்றுகள் உறுதியானவை அல்ல என்பதையும் அந்த அறிக்கை சேர்த்தே சொன்னது.

ஆகவே யாராவது "வலியே இருக்காது", "ஒரு மணி நேரத்தில் பிள்ளை பிறந்துவிடும்", "சிசேரியனே தேவைப்படாது" என்று உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். தாங்க முடியாத வலியைத் தாங்கக்கூடிய வலியாக மாற்ற இது உதவலாம். இடுப்பு வலியில் துடிக்கும் பெண்ணுக்கு அதுவே பெரிய உதவிதான்.

எங்கே, எப்படி அழுத்துவது?

புள்ளியை அளக்க, பிரசவிக்கும் பெண்ணின் விரல் அகலத்தையே அளவாகக் கொள்ள வேண்டும். அழுத்துபவரின் விரலை அல்ல. நகத்தை வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.

1. இடுப்பின் கீழே, முதுகில்: பின்புறப் பிளவு தொடங்கும் இடத்திலிருந்து ஓர் ஆள்காட்டி விரல் நீளம் மேலே போய், நடு முதுகெலும்பிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி இப்புள்ளிகள் இருக்கும். அழுத்தினால் சிறு பள்ளம் போலத் தட்டுப்படும். வலி முதுகிலும் இடுப்பிலும் அதிகமாக இருப்பவர்களுக்கு இது ஏற்றது. அவர் கட்டிலையோ சுவரையோ பிடித்து முன்னால் சாய்ந்து நிற்கட்டும், அல்லது ஒருக்களித்துப் படுக்கட்டும். நீங்கள் இரு கட்டைவிரல்களாலும் அல்லது விரல் முட்டிகளாலும், உங்கள் உடல் எடையைச் சாய்த்து அழுத்துங்கள். விரல் வலித்தால் உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பயன்படுத்தலாம்.

2. கணுக்காலுக்கு மேலே: காலின் உட்புறக் கணு எலும்பின் உச்சியிலிருந்து அவருடைய நான்கு விரல் அகலம் மேலே, முழங்கால் கீழ் எலும்பின் பின் ஓரத்தை ஒட்டி. கொரிய ஆய்வில் அழுத்தியது இந்தப் புள்ளியைத்தான். இங்கே மெதுவாகத் தொடங்குங்கள். பலருக்கு இந்த இடம் கூச்சமாகவும் வலியாகவும் இருக்கும்.

3. கையில்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதைப்பகுதியில், ஆள்காட்டி விரலின் உள்ளங்கை எலும்புடைய நடுப்பகுதியை ஒட்டி. அந்த எலும்பை நோக்கி அழுத்த வேண்டும். பயண நேரத்தில் வண்டியில் உட்கார்ந்தபடியே இதைச் செய்யலாம்.

4. தோளில்: கழுத்து தொடங்கும் இடத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே, தோளின் மேட்டில். கீழ்நோக்கி அழுத்த வேண்டும். பயத்தில் தோளை மேலே தூக்கி இறுக்கிக்கொள்ளும் பெண்களுக்கு இது ஆசுவாசம் தரும்.

5. மணிக்கட்டின் உட்புறம்: மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் தள்ளி, இரு நரம்புக் கயிறுகள் போலத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவில். இது வலிக்கு அல்ல, குமட்டலுக்கு. பிரசவ வலியின் நடுவே வாந்தி வருவது சாதாரணமானது. அப்போது இதை அழுத்தலாம்.

முறை எளிது. வலி தொடங்குவதை அவர் சொன்னதும் அழுத்தத் தொடங்குங்கள். தேய்க்க வேண்டாம்; நிலையாக, ஒரே சீராக அழுத்துங்கள். வலி உச்சத்துக்குப் போய் இறங்கும் வரை, ஏறத்தாழ ஒரு நிமிடம், விடாமல் பிடித்திருங்கள். வலி ஓய்ந்ததும் மெல்ல விடுங்கள். இடைவேளையில் அவரை ஓய்வெடுக்க விடுங்கள். ஒரு மிடறு தண்ணீர் கொடுங்கள். மருத்துவர் தடை சொல்லாதிருந்தால் இரண்டு பேரீச்சம்பழமும் கொடுக்கலாம்.

ஐந்து புள்ளிகளையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டியதில்லை. எது சுகம் தருகிறதோ அது போதும். "இன்னும் கீழே", "கொஞ்சம் மெதுவாக", "கையை எடு" என்று அவர் சொல்வதுதான் சட்டம். சற்று முன்வரை பிடித்திருந்த கை திடீரென்று எரிச்சலூட்டலாம். அதற்காகக் கோபப்படாதீர்கள். அப்போது வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், சேர்ந்து மெதுவாக மூச்சு விடலாம், அவர் ஓதும் திக்ரைத் தாழ்ந்த குரலில் உடன் ஓதலாம். பிரசவ வலிக்கு உதவி கேட்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு மசாஜ், வெந்நீர் ஒத்தடம், மூச்சுப் பயிற்சி போன்றவற்றை உலக சுகாதார நிறுவனமே 2018-இல் பரிந்துரைத்திருக்கிறது.

யாருக்கு, எப்போது கூடாது?

மேலே சொன்ன ஐந்தில் முதல் நான்கையும் 37 வாரம் முடியும் முன் அழுத்தக் கூடாது. இவை கருப்பைச் சுருக்கத்தைத் தூண்டக்கூடும் என்பது அக்குபிரஷர் மரபிலேயே உள்ள எச்சரிக்கை. ஐந்தாவதாகச் சொன்ன மணிக்கட்டுப் புள்ளிக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. 37 வாரத்துக்கு முன்பே பழகிப் பார்க்க ஆசைப்பட்டால், உடன் வரப்போகிறவர் தம் கையிலும் காலிலும் பழகிக்கொள்ளட்டும். அவரும் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், இரத்தப்போக்கு உள்ளவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், முன்பு சிசேரியன் ஆனவர்கள் ஆகியோர் மருத்துவரின் அனுமதி இல்லாமல் எதையும் செய்ய வேண்டாம். புண், வீக்கம், நரம்புச் சுருட்டல் உள்ள இடத்தில் அழுத்தக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். அந்தக் காலைத் தொடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டபின் அவருக்கு அழுத்தத்தின் அளவு தெரியாது என்பதால் இடுப்புக்குக் கீழே அழுத்த வேண்டாம்.

தேதி தாண்டிவிட்டது, சீக்கிரம் வலி வர வேண்டும் என்று வீட்டில் நீங்களே அழுத்தத் தொடங்குவதும் தவறு. தேதி தாண்டினால் குழந்தையின் நிலையைப் பரிசோதிக்க வேண்டும். அதை விரல் சொல்லாது.

ஆஸ்பத்திரிக்குள் யார் இருப்பது?

"எங்களை உள்ளேயே விடமாட்டார்களே, எப்படி அழுத்துவது?" என்று பலர் கேட்பீர்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை உடன் இருக்கும் ஏற்பாடு 2004-இலேயே கொண்டுவரப்பட்டது. 2016-இல் மத்திய அரசும் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதித்தது. துணைக்கு வருபவர் பெண்ணாக, கூடுமானவரை தாமே பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும். தொற்றுநோய் எதுவும் இருக்கக் கூடாது. சுத்தமான உடையில் வர வேண்டும். மருத்துவர், செவிலியர் வேலையில் குறுக்கிடக் கூடாது. தனிமறைவு உள்ள இடங்களில் கணவரும் அனுமதிக்கப்படலாம்.

நம் பெண்களின் ஹயாவைப் பேணவும் இது நல்ல வழி. அந்நியர் நடுவே கூச்சத்தால் வலியைச் சொல்லாமல் அடக்கும் பெண், தன் உம்மாவிடமோ ராத்தாவிடமோ சொல்லிவிடுவாள். மேலும், பிரசவம் முழுவதும் ஒருவர் விடாமல் உடன் இருப்பதன் பலன் பற்றிய சான்று, அக்குபிரஷர் பற்றிய சான்றைவிட வலுவானது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2017-இல் வெளிவந்தது. துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி மருந்தின் தேவையும் குறைந்தது. எனவே புள்ளி ஒரு விரல்கடை தள்ளிப்போனாலும் கவலை வேண்டாம். நீங்கள் அங்கே இருப்பதே பாதி மருந்து.

எல்லா மருத்துவமனையும் ஒரே மாதிரி இருக்காது. ஆகவே எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே "துணைக்கு ஒருவர் இருக்கலாமா? இடுப்பை அழுத்திவிடலாமா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.

வீட்டிலேயே பிரசவம் வேண்டாம்

இனி நாங்கள் மனம் கனத்துச் சொல்ல வேண்டியது. 2018-இல் திருப்பூரில், இணையக் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம் தாய் இரத்தப்போக்கால் இறந்துபோனார். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் நேமத்தில், மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டில் நடந்த பிரசவத்தில் தாயும் குழந்தையும் இறந்தார்கள். கணவரோடு, அக்குபங்சர் செய்துவந்தவரும் கைதானார். அந்தத் தாய் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்.

குழந்தை பிறந்தபின் கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் இரத்தம் குழாய் திறந்ததுபோல் கொட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம். அதைத் தடுக்கத்தான் பிள்ளை பிறந்தவுடன் மருத்துவமனையில் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள். கொட்டும் இரத்தத்தை நிறுத்த எந்தப் புள்ளியும் உடலில் இல்லை. முன்னே நான்கு பிள்ளைகள் சுகமாகப் பிறந்தது ஐந்தாவதற்கு உத்தரவாதம் அல்ல. பல பிள்ளை பெற்றவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாம் மதரஸாவில் கேட்டு வளர்ந்த பாடம். மருத்துவமனையில் பதிவு செய்வது ஒட்டகத்தைக் கட்டுவது. அதேபோல், வலி தாங்க முடியாமல் ஒரு பெண் மருந்து கேட்டால், "இயற்கையாகவே பெற்றுக்கொள்" என்று யாரும் தடுக்க வேண்டாம். வலிப்பது அவருக்கு, முடிவும் அவருடையது.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் அழுத்துவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்:

• இரத்தப்போக்கு
• பனிக்குட நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வருதல்
• 37 வாரத்துக்கு முன் வலி வருதல் அல்லது பனிக்குடம் உடைதல்
• குழந்தையின் அசைவு குறைதல்
• கடுமையான தலைவலி, கண் மங்குதல், வலிப்பு
• காய்ச்சல்
• இடைவெளியே இல்லாத தொடர் வலி
• தொப்புள்கொடியோ குழந்தையின் கையோ காலோ முதலில் வெளியே வருதல்

எதுவும் இல்லாவிட்டாலும், வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீராக வரத் தொடங்கினால் கிளம்பிவிடுங்கள். முன்பே பிள்ளை பெற்றவர்களும், மருத்துவமனை தொலைவில் உள்ளவர்களும் அதற்கு முன்பே கிளம்ப வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து நான்கு விஷயங்களை முடிவு செய்யுங்கள். எந்த மருத்துவமனை? இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் எந்த வண்டி? உடன் இருக்கப்போவது யார்? அவர் வர முடியாவிட்டால் அடுத்தவர் யார்? தாய்-சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், துணிகள், பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். இந்தப் பக்கத்தையும் வெட்டி அதில் வையுங்கள்.

பிரசவச் செலவுக்குச் சிரமப்பட்டு யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். நம் அறக்கட்டளையை அணுகுங்கள். கௌரவக் குறைவாக நினைக்காதீர்கள். ஒரு தாயின் உயிருக்குச் செலவாகும் ஜகாத்தையும் ஸதகாவையும்விட நல்ல செலவு எங்களுக்குத் தெரியாது.

நம் வீட்டுப் பெண்கள் எல்லோருடைய பேறுகாலத்தையும் அல்லாஹ் இலேசாக்குவானாக. தாயும் சேயும் நலமாக வீடு திரும்ப அருள்வானாக. ஆமீன்.